ஐம்பத்திரண்டு கிலோ

டொங்காட் ஆலையின் எடைமேடையில் எனக்கு இரவுப்பணி.
கரும்பு லாரி ஏறும், எண்கள் ஓடி நிற்கும்.
முப்பத்தோரு டன் என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.
கால் டன் முன்னே பின்னே இருந்தாலும்
லாரியை யாரும் எச்சில் துப்பச் சொல்வதில்லை.

என்னைச் சொன்னார்கள்.
கெய்ரோவில், விடுதியின் குளியலறையில்,
நூற்றிருபது கிராம் கூடுதல்.
குப்பைப் பையில் கைக்கு இரண்டு, தலைக்கு ஒன்று என ஓட்டை போட்டு
மாட்டிக்கொண்டு, வெந்நீர் ஆவியில் குதித்தேன்.
தகரக் குவளையில் துப்பினேன்.
எச்சிலும் வற்றியபின் இன்னும் ஐந்து கிராம்.
பயிற்சியாளர் ஃபூரி,
சில வருடம் முன்புவரை என் கழிப்பறைக்குள் வர
சட்டம் அனுமதிக்காத வெள்ளைக்காரர்,
ஒன்றும் சொல்லாமல் சவரக்கத்தியை நீட்டினார்.
பதினேழு வயதில் வந்த மீசை
தொட்டியில் சுழன்று போனது.

மதியம் எகிப்தியன் என் இடது காலைப் பிடித்தான்.
ஒரு நிமிடம் நாற்பது நொடி.
குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள்.
அந்தப் பாயில் மண்ணும் இல்லை,
என்னிடம் மீசையும் இல்லை,
எதை வைத்துப் பெருமையடிக்க?
ஒலிபெருக்கி என் குடும்பப் பெயரை உடைத்துப் படித்தது:
பட. யா. சீ.
படையும் போனது, ஆட்சியும் போனது.
மிச்சம் ஒரு சீ.

முப்பத்திரண்டு வயதில் தொடங்கிய சர்வதேச வாழ்க்கை
வேறெப்படி இருக்கும்.

இருபத்துநான்கில் என் கழுத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.
அந்த வருடம் வெருலம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம்.
அரசாங்கத்தின் சங்கம் எங்களில் இருவருக்குப்
பச்சைக் கோட்டு தருவதாகச் சொல்லியிருந்தது.
வேண்டாம் என்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றார் தலைவர்.
சுண்டுவிரல் பிசகி, கட்டுப் போட்டிருந்த கை.
உயர்த்தினேன்.
சதாசிவம் நாயக்கர் உயர்த்தவில்லை.
கோட்டை வாங்கிக்கொண்டு போனான்.
உலகம் எங்கள் நாட்டுக்கே கதவைச் சாத்தியிருந்ததால்
கோட்டோடு அவன் போன தூரம் ப்ளூம்ஃபொன்டெய்ன்.
பதினோரு வருடம் அவனோடு நான் பேசவில்லை.
அவன் என்னைவிட நல்ல மல்லன்.
இதையும் எழுதாவிட்டால் இந்தக் கணக்கு பொய்.

மொத்தம் ஐந்து ஆட்டம், ஒரு வெற்றி.
அது போர்ட் லூயிஸில்.
மொரீஷியஸ் பையன், சினாப்பென் என்று பலகையில் எழுதியிருந்தது.
அவனுக்கு கிரியோல், எனக்கு ஆங்கிலம்.
இரண்டாவது பாதியில் கழுத்தைப் பூட்டிப் புரட்டும்போது
என் மார்புக்குள்ளிருந்து அவன் சொன்னான்:
முருகா.
வீட்டில் விளக்கு வைக்கும்போது என் அம்மா சொல்வது.
எங்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சிய ஒரே சொல்.

பிடி தளர்ந்தது என்று எழுத ஆசை.
இறுக்கினேன்.
இரண்டு தோளும் பாயில் படும்வரை இறுக்கினேன்.
நடுவர் என் கையைத் தூக்கிப் பிடித்தார்.
சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம் கோணல்தான்.
வெருலத்தில் அதை நானே தூக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.
வெளியே வந்து அந்தப் பையனைத் தேடினேன்.
அவர்கள் பேருந்து கிளம்பிவிட்டிருந்தது.

இப்போது மீசை இருக்கிறது, பாதி நரை.
அறுவடைக்கு முன் வயலை எரிக்கும் மாதங்களில்
காற்றோடு வரும் கரி அதில் ஒட்டுகிறது.
லாரி வராத நேரத்தில்
யாரும் பார்க்காதபோது நான் மேடையில் ஏறி நிற்பதுண்டு.
இந்த இயந்திரத்துக்கு இருபது கிலோவுக்குக் கீழே எண்ணத் தெரியாது.
அறுபது என்கிறது.
மூச்சை இழுத்தால் எண்பது.
மறுபடி அறுபது.

வளைவில் விளக்கு தெரிகிறது.
இறங்குகிறேன்.